திருநூலைச் சுமந்த கன்றுகள்



சில ஆண்டுகளுக்கு முன், விவிலிய ஞாயிறை ஒட்டி நம் பங்கில் மூன்று நாள் மாலை வகுப்பு நடத்தினோம். அச்சுப்பொறி தோன்றுவதற்கு முன்பு திருநூல் எவ்வாறு நம் கைக்கு வந்தது என்பதே பொருள். அவ்வகுப்பில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சின்னஞ்சிறு விவிலியப் பிரதிகளைப் பற்றிப் பேசும்போது, “அவற்றின் தாள்கள் பிறவாத கன்றுகளின் தோலால் ஆனவை. தாயின் வயிற்றிலிருந்த கன்றின் தோலாக இருந்ததால்தான் அவ்வளவு மெல்லிதாக இருந்தது” என்று உறுதியாகச் சொன்னோம். குருமடத்தில் பயின்ற காலத்தில் கேட்டதையே சொன்னோம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை.

வகுப்பு முடிந்ததும் பெரியவர் ஒருவர் நின்றார். ஐம்பது ஆண்டுகளாக மாடு வளர்ப்பவர். பங்கு இல்லத்திற்குக் காலையில் பால் ஊற்றுகிறவர். “சாமி, அப்படி எத்தனை புத்தகம் எழுதியிருப்பாங்க?” என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் என்றோம். “அத்தனைக்கும் சினைமாட்டை அறுத்தா தொழுவத்துல என்ன சாமி மிஞ்சும்? மாட்டுக்காரன் சம்மதிப்பானா?” என்றார். அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டோம்.

அவர் கேட்ட அதே கேள்வியை மேலைநாட்டுச் சுவடியியல் அறிஞர் சிலரும் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர் என்பதையும், 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு அதற்குப் பெருமளவு விடை கண்டுவிட்டது என்பதையும் பின்னரே அறிந்தோம். அன்று வகுப்பில் சொன்னதைத் திருத்திக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அக்கடமையை நிறைவேற்றும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தோலில் எழுந்த நூல்

பழங்காலத்தில் மத்திய தரைக்கடல் நாடுகளில் நூல்கள் பெரும்பாலும் எகிப்திய நாணற்புல்லாகிய பப்பிரசில் எழுதப்பட்டன. அதனோடு விலங்குத் தோலும் வழக்கில் இருந்தது. திருவெளிப்பாட்டு நூலில் வரும் ஏழு திருச்சபைகளுள் ஒன்றான பெர்காம் நகரின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் தோலேட்டுக்குப் பெயராயிற்று. பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், தம் போர்வையோடு நூல்களையும், சிறப்பாகத் தோலேடுகளையும் எடுத்துவரும்படி கேட்கிறார். சிறையில் குளிரில் இருந்த ஒருவர் போர்வைக்கு இணையாகத் தோலேட்டையும் தேடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

தோலேடு செருப்புத்தோல் போலப் பதனிடப்பட்டதன்று. தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைப்பர். மயிரும் ஊனும் கழன்றபின் மரச்சட்டத்தில் கயிறுகளால் நாற்புறமும் இழுத்துக் கட்டுவர். ஈரமாக இருக்கும்போதே பிறைவடிவக் கத்தியால் சுரண்டுவர். கயிற்றை இறுக்குவர், மீண்டும் சுரண்டுவர். இழுவிசையோடு உலர்வதால் தோலின் இழைகள் ஒரே தளத்தில் படிந்து, எழுதுவதற்கு உகந்த வெண்ணிறப் பரப்பு கிடைக்கும். எவ்வளவு மெல்லியதாக்குவது என்பது கைத்திறனைப் பொறுத்தது. சற்றே அழுத்தினால் தோல் கிழிந்துவிடும். அவ்வாறு நேர்ந்த கிழிசல்களை நூலால் தைத்து, அத்தையலைச் சுற்றி எழுதிச் சென்ற பக்கங்களைப் பழஞ்சுவடிகளில் இன்றும் காணலாம்.

முழு விவிலியத்தையும் ஒரே நூலாகத் தோலில் எழுதுவது பெருஞ்செலவான செயல். இங்கிலாந்தின் வடபகுதியில் வேர்மவுத்து–யாரோ துறவு மடத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அமியாத்தினுஸ் சுவடியை எடுத்துக்கொள்வோம். அதில் 1,030 இதழ்கள் உள்ளன. எடை 34 கிலோவுக்கும் மேல். மடத்தின் தலைவராயிருந்த செயோல்ஃப்ரித், அதனைத் திருத்தந்தைக்குக் காணிக்கையாக்க 716ஆம் ஆண்டில் உரோமைக்குப் புறப்பட்டார். வழியில் லாங்கிரே நகரில் இறந்தார். நூல் மட்டும் இத்தாலியைச் சேர்ந்தது. இன்று பிளாரன்சு நகரின் லவுரெந்தியானா நூலகத்தில் இருக்கிறது. ஒரு மனிதர் தனியே தூக்கி நடக்க இயலாத நூல் அது. அக்காலத்து விவிலியம் மடத்திலும் கோவிலிலும் பீடத்தின்மேல் இருந்தது. மக்கள் அதை நாடிச் சென்றார்களேயன்றி அது மக்களை நாடிச் செல்லவில்லை.

பைக்குள் அடங்கிய விவிலியம்

ஐந்து நூற்றாண்டுகளுக்குப்பின் நிலைமை மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசிசி நகர் புனித பிரான்சிசின் சபையும், 1216இல் ஒப்புதல் பெற்ற புனித தோமினிக்கின் சபையும் தோன்றின. இச்சபைத் துறவிகள் மடத்தின் மதிலுக்குள் தங்கியவர்கள் அல்லர். நகரங்களில் நடந்து, சந்தைகளில் நின்று மறையுரை ஆற்றியவர்கள். அதே வேளையில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற மாணாக்கர் கூட்டமும் பெருகியது. இவ்விரு சாராருக்கும் கையோடு எடுத்துச் செல்லத்தக்க முழு விவிலியம் தேவைப்பட்டது.

பாரிசில் இத்தேவைக்கு விடை கிடைத்தது. விவிலிய நூல்களின் வரிசை ஒழுங்காயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் இக்காலத்தில்தான் நிலைபெற்றன. பாரிசில் கற்பித்துப் பின்னர்க் கான்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டன் அவற்றை வகுத்தார் என்பது மரபு. எழுத்து எறும்புபோல் சிறுத்தது. சொற்கள் சுருக்கக் குறிகளால் குறுகின. தாள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனமுடையதாக மெலிந்தது. தொடக்கநூல் முதல் திருவெளிப்பாடு வரை ஒரே கட்டில் அடங்கி, துறவியின் பைக்குள் சென்றது. ஆயிரக்கணக்கில் இவ்வாறு எழுதப்பட்டன. பல இன்றும் எஞ்சியுள்ளன.

நம் மறைக்கல்வி மாணவர் இன்று கையில் வைத்திருக்கும் ஒற்றைக்கட்டு விவிலியத்தின் முன்னோடி இதுவே. அந்நூல் தோன்ற இறையியலாரும் எழுத்தரும் மட்டும் போதவில்லை. மெல்லிய தோல் கிடைக்கவில்லை எனில் அவர்கள் முயற்சி முழுதும் வீணாகியிருக்கும். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

ஒரு சொல் எழுப்பிய வழக்கு

இடைக்கால இலத்தீன் ஆவணங்கள் சில, மிக மெல்லிய தோலேட்டை ‘அபோர்த்தீவும்’ என்ற சொல்லால் குறிக்கின்றன. கருச்சிதைந்தது, காலத்திற்கு முன் பிறந்தது என்பது அதன் நேர்ப்பொருள். இச்சொல்லைப் பற்றிக்கொண்டு, சிதைந்த கருவின் தோலாலோ தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட கன்று, ஆட்டுக்குட்டியின் தோலாலோ இவ்வேடுகள் செய்யப்பட்டன என்று பலர் எழுதினர். ‘கருப்பைத் தோலேடு’ என்ற பெயரே நூற்பட்டியல்களில் நிலைத்துவிட்டது. நாம் குருமடத்தில் கேட்டதும் இக்கருத்தே.

மற்றொரு சாரார் இதனை ஏற்கவில்லை. ஒரு விவிலியத்துக்கே பல தோல்கள் வேண்டும். ஆயிரக்கணக்கான விவிலியங்களுக்குக் கருவிலிருந்த கன்றுகளையே பயன்படுத்தியிருந்தால் மந்தைகள் அழிந்திருக்குமே என்பது அவர்கள் வாதம். நம் பெரியவர் கேட்ட கேள்வி இதுவேயன்றோ! இவ்வாறு மறுத்தோருள் சிலர், முயல் போன்ற சிறு விலங்குகளின் இயல்பாகவே மெல்லிய தோலைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று வேறொரு கருத்தை முன்வைத்தனர்.

வழக்கு இவ்வாறு நெடுநாள் நின்றது. காரணம், தோலைப் பார்த்து விலங்கைச் சொல்வது எளிதன்று. மயிர்க்கால்களின் அமைப்பைக் கொண்டு கன்று, வெள்ளாடு, செம்மறி எனப் பிரிக்கத் தேர்ந்த கண்ணால் ஓரளவு இயலும். ஆனால் இவ்வளவு மெல்லிதாகச் சுரண்டிய தோலில் மயிர்க்கால் தடமே எஞ்சாது. ஒரு துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப எந்த நூலகமும் இசையாது. அது முறையும் ஆகாது.

புரதம் தரும் சான்று

இவ்வழக்கைத் தீர்க்க உதவிய முறை சுவடியியலில் பிறக்கவில்லை. தொல்லியலார் தோண்டியெடுக்கும் எலும்புகளிலிருந்து பிறந்தது.

பண்டைய குடியிருப்புகளில் கிடைக்கும் எலும்புகளிற் பெரும்பாலானவை உடைந்த துண்டுகளே. உணவுக்காக உடைக்கப்பட்டவை, நாய் கடித்தவை, மண்ணில் நொறுங்கியவை எனப் பலவகை. எந்த விலங்கினுடையது என்று வடிவத்தால் அறிய இயலாதவை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். முழு எலும்பு கிடைத்தாலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. செம்மறியாட்டின் எலும்பும் வெள்ளாட்டின் எலும்பும் பெரிதும் ஒத்திருப்பதால், அறிக்கைகளில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே எழுதிவிடுவது தொல்லியலாரின் வழக்கம். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆயர் செம்மறிகளை வெள்ளாடுகளினின்று பிரிக்கும் உவமையை நாம் அனைவரும் அறிவோம். உயிரோடு நிற்கும் மந்தையில் ஆயருக்கு எளிதாயிருக்கும் அவ்வேலை, எலும்புக் குவியலின்முன் அறிஞருக்கு அரிதாகிவிடுகிறது.

இங்கே துணைக்கு வந்தது கொல்லாஜன் என்னும் புரதம். எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது. அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலையாக ஒவ்வோர் இழையையும் எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணி. அதனால்தான் இழைகள் நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. இந்நெருக்கத்தாலும், எலும்பிலுள்ள கனிமத்தின் காப்பினாலும், மரபுச்செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. சிதைந்த பின்னரும் கொல்லாஜன் நெடுங்காலம் நிலைத்திருக்கும். குளிர்நாடுகளில் அதன் ஆயுள் வியப்பூட்டுவது. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் கிடைத்த எலும்புத் துணுக்குகள், ஏறத்தாழ 35 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரொட்டகம் ஒன்றுடையவை என்று 2013இல் வெளியான ஆய்வு கொல்லாஜனைக் கொண்டே காட்டியது. பாலைநிலத்து விலங்கு என்று நாம் எண்ணும் ஒட்டகத்தின் மூதாதை வடதுருவக் காடுகளில் நடமாடியிருக்கிறது!

எல்லாப் பாலூட்டிகளின் கொல்லாஜனும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் முழுதும் ஒன்றன்று. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மணிகள் விலங்குக்கு விலங்கு மாறுகின்றன. அம்மாற்றத்தைக் காண்பது எவ்வாறு? எலும்பின் சிறு துகளை மென்மையான அமிலத்தில் இட்டுக் கனிமத்தை நீக்குவர். எஞ்சிய புரதத்தை வெந்நீரில் இளக்குவர். பின் டிரிப்சின் என்னும் செரிமான நொதியைச் சேர்ப்பர். அது குறிப்பிட்ட இரண்டு மணிகளை அடுத்து மட்டுமே மாலையை வெட்டும்; ஆதலால் ஒரே விலங்கின் மாலை எப்போதும் ஒரே வகைத் துண்டுகளாகப் பிரியும். அத்துண்டுகளைக் கருவியில் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அவை மின்னேற்றம் பெற்று வெற்றிடக் குழாய் ஒன்றில் பறக்கும். இலேசான துண்டு முன்னே சேரும். கனத்தது பின்னே சேரும். சேரும் நேரத்தைக்கொண்டு ஒவ்வொன்றின் நிறையையும் கணக்கிடலாம். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இவ்வாறு நிறை காணும் வழிகளை வகுத்தமைக்காகத்தான் ஜப்பானியரான கோயிச்சி தனாக்காவும் அமெரிக்கரான ஜான் ஃபென்னும் 2002இல் வேதியியல் நொபெல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றனர்.

நிறைகளின் வரிசை அந்த விலங்கின் கைரேகைபோல் அமைகிறது. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் பெரும்பாலான துண்டுகள் ஒன்றே. ஆனால் ஒரு துண்டு செம்மறியில் 3033 என்ற நிறையோடும் வெள்ளாட்டில் 3093 என்ற நிறையோடும் தோன்றும். மாடும் செம்மறியும் அத்துண்டில் ஒத்திருந்தாலும் வேறொரு துண்டில் பிரிந்துவிடும். இந்த எண்களைப் பார்த்தே இன்று செம்மறியை வெள்ளாட்டினின்று பிரிக்கின்றனர். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பக்லி, மாத்யூ காலின்சு முதலியோர் 2009ஆம் ஆண்டிலும் அதனை ஒட்டியும் வெளியிட்ட ஆய்வுகளால் இம்முறை தொல்லியலில் நிலைபெற்றது. செலவும் குறைவு, ஆயிரக்கணக்கான துணுக்குகளை வரிசையாகச் சோதிக்க இயலும்.

அழிப்பான் துகள்கள்

தோலும் எலும்பைப் போலக் கொல்லாஜனால் ஆனதே. எனவே தோலேட்டையும் இவ்வாறே ஆராயலாம். ஆனால் வெட்டாமல் எவ்வாறு எடுப்பது?

யார்க்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஃபிடிமென்ட் என்னும் ஆய்வாளருக்கு இச்சிக்கல் எழுந்தது. ஆவணக் காப்பாளர்கள் பழைய தோலேடுகளில் படிந்த தூசியை, பள்ளிச் சிறுவர் பயன்படுத்தும் வகை நெகிழி அழிப்பானால் மெல்லத் தேய்த்து எடுப்பதை அவர் கவனித்தார். தேய்க்கும்போது உதிரும் துகள்களைத் துடைத்து எறிந்துவிடுவது வழக்கம். உராய்வினால் எழும் நிலைமின்சாரம் தோலின் மேற்பரப்பிலுள்ள புரத மூலக்கூறுகள் சிலவற்றை இழுத்துக்கொள்ளும். எனவே எறியப்படும் அத்துகள்களிலேயே ஆய்வுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது. தூய்மை செய்யும்போதே துகள்களைச் சிறு குப்பியில் சேர்த்து அஞ்சலில் அனுப்பினால் போதும். நூல் நூலகத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை. வீடுகட்டுவோர் புறக்கணித்த கல் மூலைக்கல்லான திருப்பாடல் நமக்கு நினைவுக்கு வருகிறது.

இம்முறையால் பிரான்சு, இங்கிலாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் தோன்றிய 72 கையடக்க விவிலியங்களும், அவற்றுக்கு முன்னும் பின்னுமான காலத்தைச் சேர்ந்த 293 பிற தோலேட்டு மாதிரிகளும் ஆராயப்பட்டன. முடிவு 2015இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று.

முயல் இல்லை, எதிர்பாராத வேறெந்தச் சிறுவிலங்கும் இல்லை. விவிலியத் தாள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கன்றுத்தோல். நான்கில் ஒரு பங்கு வெள்ளாட்டுத்தோல். எஞ்சிய சிறுபகுதி செம்மறித்தோல். ஒரே விவிலியத்தில் இரண்டு விலங்குகளின் தோல்கள் கலந்திருந்ததும் உண்டு. அவ்வவ்விடத்தில் எந்தத் தோல் கிடைத்ததோ அதைப் பயன்படுத்தியிருக்கின்றனர். சந்தையிலும் கசாப்புக்கடையிலும் அன்றாடம் கிடைத்த தோலே, பிறைக்கத்தி பிடித்த கைவினைஞரின் திறத்தால் அவ்வளவு மெல்லிதாயிற்று என்று எண்ண இடமுண்டு. ஆய்வுக்குழுவில் ஒருவரும் தோலேட்டுக் கைவினைஞருமான யிர்ஷி வ்னூசெக், பழைய முறையில் தோலைச் சுரண்டி மிக மெல்லிய ஏடுகளைத் தம் கையாலேயே உருவாக்கிக் காட்டியிருக்கிறார்.

சொன்னதும் சொல்லாததும்

இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். முன்பு ஒரு கருத்தை ஆராயாமல் சொன்ன நாம், இப்போது அதற்கு எதிரான கருத்தை ஆராயாமல் சொன்னால் என்ன திருத்தம் அது?

கொல்லாஜன் விலங்கின் இனத்தைச் சொல்கிறது. அதன் வயதைச் சொல்வதில்லை. கருவிலிருந்த கன்றுக்கும் பால்குடிக் கன்றுக்கும் நிறைவரிசை ஒன்றே. எனவே எந்த ஒரு தாளும் கருக்கன்றின் தோலன்று என்று இவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. இயல்பாகக் கருச்சிதைந்த கன்றின் தோலை ஒருவர் பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஆய்வு சொல்வது இதுதான்: மெல்லிய தாள் கிடைக்கக் கருக்கன்று வேண்டியதில்லை. மூன்று வேறுபட்ட விலங்குகளின் தோலையும் ஒரே தரமான மென்மைக்குக் கொண்டுவரக் கைத்திறன் போதும். ஆதலால், மெல்லிதாக இருக்கிறது, எனவே கருக்கன்றின் தோல்தான் என்ற நம் பழைய வாதம் நிற்பதற்கில்லை.

வேறு எல்லைகளும் உண்டு. நெருங்கிய இனங்களை இம்முறை பிரிப்பதில்லை. காட்டுமாட்டையும் வீட்டுமாட்டையும், ஓநாயையும் நாயையும் வேறுபடுத்த இயலாது. அங்கே டி.என்.ஏ.யைத்தான் நாட வேண்டும்.

ஆயினும் இரண்டும் கைகோத்தால் பெரும்பயன் விளைகிறது. சைபீரியாவின் அல்தாய் மலையில் தெனிசோவா என்னும் குகை உள்ளது. முன்னொரு காலத்தில் தெனிஸ் என்ற தவசி அங்கே வாழ்ந்ததால் அப்பெயர் வந்தது என்பர். அங்கே கிடைத்த இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அடையாளமற்ற எலும்புத் துணுக்குகளைச் சமந்தா பிரவுன் என்ற ஆய்வு மாணவி ஒவ்வொன்றாகக் கொல்லாஜன் முறையில் சோதித்தார். விலங்குகளினூடே மனித இனத்துக்குரிய துணுக்கு ஒன்று, ஏறத்தாழ இரண்டரைச் செண்டிமீட்டர் நீளமுள்ளது, வெளிப்பட்டது. 2016இல் அது அறிவிக்கப்பட்டது. பின்னர் அதன் டி.என்.ஏ. ஆராயப்பட்டபோது, தொண்ணூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணுடையது என்றும், அவள் தாய் நியண்டர்தால் இனம், தந்தை தெனிசோவ இனம் என்றும் 2018இல் தெரியவந்தது. இரு மனித இனங்கள் குடும்பமாகக் கலந்ததற்கு நேர்ச்சான்றாக நமக்குக் கிடைத்த முதல் குழந்தை அவளே. இரண்டாயிரம் துணுக்குகளையும் பொறுமையோடு எடுத்துப் பார்த்த ஒருவர் இல்லையெனில், அவள் இன்றும் மூட்டையில்தான் இருந்திருப்பாள்.

திபெத்திய மேட்டுநிலத்தில் பைசியா என்னும் குகை பௌத்தர்களின் வழிபாட்டிடம். 1980இல் அங்கே ஒரு பௌத்தத் துறவி பழைய தாடை எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அதை எறிந்துவிடாமல் தம் சமயத் தலைவரிடம் ஒப்படைக்க, அவர்வழியே அது அறிஞர் கைக்குச் சென்றது. அதில் டி.என்.ஏ. எஞ்சவில்லை, பல்லில் எஞ்சிய புரதத்தைக் கொண்டே, குறைந்தது 1,60,000 ஆண்டு பழமையான தெனிசோவ மனிதரின் தாடை அது என்று 2019இல் உறுதியாயிற்று. புனித இடத்தில் கிடைத்ததை மதித்துப் பேணிய ஒரு துறவியின் கையால் மனித வரலாற்றில் ஒரு பக்கம் நமக்குக் கிடைத்தது என்பதைப் பிற சமயத்தாராகிய நாமும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

முத்தமிட்ட பக்கங்கள்

மீண்டும் தோலேட்டுக்கு வருவோம். யார்க்குப் பேராலயத்தில், ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட நற்செய்திச் சுவடி ஒன்று இருக்கிறது. அதனையும் அழிப்பான் துகள்களைக் கொண்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். பெரும்பாலான ஏடுகள் கன்றுத்தோல். துகள்களில் டி.என்.ஏ.யும் கிடைத்ததால், கன்றுகளின் பாலையும் அறிய முடிந்தது. ஆராயப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பெண்கன்றுகள். மாடு வளர்ப்போர் கிடாரிக்கன்றை எளிதில் அறுக்க மாட்டார்கள். எனவே அக்காலத்தில் பரவிய மாட்டுநோயில் இறந்த கன்றுகளின் தோலாக அவை இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் ஊகம். ஊகமே எனினும், கன்றிழந்த தொழுவத்தின் துயரத்திலிருந்து ஒரு நற்செய்தி நூல் உருவாகியிருக்கக்கூடும் என்ற எண்ணம் நம் மனத்தைத் தொடுகிறது.

அச்சுவடியில் திருநிலையினர் உறுதிமொழி எடுக்கும் பக்கங்கள் உண்டு. அப்பக்கங்களைத் தொட்டும் முத்தமிட்டும் உறுதி கூறுவது நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். மனிதத் தோலிலும் வாயிலும் வாழும் நுண்ணுயிர்களின் தடயம் அந்தப் பக்கங்களில் மிகுதியாக இருந்தது. நாம் திருப்பலியில் நற்செய்தியை வாசித்தபின் நூலை முத்தமிடுகிறோம். அது ஒரு நொடிச் செயல்; தடமின்றி மறைந்துவிடும் என்றே எண்ணுகிறோம். ஆனால் தோல் அதனை மறக்கவில்லை.

முடிவாக

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின், ஒருநாள் காலை பாலோடு வந்த அப்பெரியவரை நிறுத்தி, “ஐயா, அன்று நீங்கள் கேட்டதே சரி. நாம்தான் ஆராயாமல் சொல்லிவிட்டோம்” என்றோம். ஆய்வின் முடிவை எளிமையாக எடுத்துரைத்தோம். அவர் தம் கருத்து வென்றதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சற்றுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ சாதாரணக் கன்னுத்தோலைத்தான் அவ்வளவு மெலிசா சீவியிருக்காங்க. அந்தக் கை எப்படிப்பட்ட கையா இருக்கும் சாமி!” என்றார்.

இத்தனை ஆண்டுகள் விவிலிய வரலாறு கற்பித்தும் அந்தக் கையைப் பற்றி நாம் எண்ணியதில்லை. மொழிபெயர்த்த எரோணிமுவைச் சொன்னோம். அதிகாரம் பிரித்த பேராயரைச் சொன்னோம். நூலைச் சுமந்து நடந்த துறவியரைச் சொன்னோம். சுண்ணாம்பு நீரில் கை வெந்து, நாற்றத்தின் நடுவே குனிந்து நின்று சுரண்டிய தொழிலாளியை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவரும் அக்கன்றும் இன்றிக் கடவுளின் சொல் அத்துறவியரின் பைக்குள் சென்றிராது.

வரும் விவிலிய ஞாயிறன்று அதே வகுப்பை மீண்டும் நடத்த இருக்கிறோம். முன்பு வந்தவர்கள் அனைவரையும் அழைத்திருக்கிறோம். முதலில் நம் பிழையைச் சொல்லித் திருத்துவோம். அதன்பின் அந்தத் தொழிலாளியிலிருந்து தொடங்குவோம்.